மூன்றாம் கேமரா

விசேஷ வீட்டில் யாரும் கேமராவைப் பார்க்காமல் இருந்தால்தான் படம் நன்றாக வரும், சார். பத்து வருடமாக அறந்தாங்கிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றையும் நேரலையில் அனுப்புகிறேன். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். எனக்குப் பசிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

செவந்தியம்மா கேட்டார். அவர் வீட்டுக்காரர் இறந்த அன்று, அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலையிலேர்ந்து நிக்கிறீங்களே தம்பி, ஒரு வாய் காப்பி குடிங்க" என்றார். அவருக்குப் போனில் வீடியோ பேசக் கைவராது. அதனால் குவைத்திலிருக்கும் மகன் உதயசூரியனுக்கு ஞாயிறுதோறும் நான் போய் அம்மாவைக் காட்டுவேன். அரைமணி நேரம் கேமரா. பிறகு எனக்கு இலை போடுவார். மற்ற ஆறு நாளும் கடைச் சாப்பாடு, தனி அறை.

போன வாரம் எங்கள் ஊர் மது எடுப்புத் திருவிழா, அம்மனுக்குப் பெண்கள் குடம் சுமக்கிற நாள். காலையில் செவந்தியம்மா சொன்னார்: "விசா வந்துருச்சு தம்பி. திங்கக்கெழம மகன்கிட்ட போறேன். இனி ஒங்களுக்கு யாரு சோறு போடுவா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

தென்னம்பாளை சொருகிய குடங்களோடு பெண்கள் ஊரணிக்குக் கிளம்பினார்கள். ஊரே பின்னால் போயிற்று. நான் வேனுக்குள் நான்கு கேமராக்களின் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; நேரலையில் ஊர்வலம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கோயில் வாசலில் ஆளில்லாமல் நின்றது மூன்றாம் கேமரா. அதில், கூட்டத்துக்குப் பின்தங்கிய செவந்தியம்மா குடத்தை இறக்கி வைத்தார். நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார், சாய்ந்தார். கை அசைந்தது. மேடைக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றது. என் முன்னால் ஊருக்கே கேட்கும் ஒலிபெருக்கி மைக் இருந்தது. இந்தம்மா போகாமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று மட்டும்தான் நினைத்தேன்.

அப்போது நேரலைக்குக் கீழே உதயசூரியன் எழுதினான்: "அண்ணே, அம்மாவக் காட்டுங்க."

காலையில் அவர் குடத்தோடு கும்பிட்டு நின்ற பதிவை ஓட்டினேன். மூலையில் 'நேரலை' என்று சிவப்பாக எரிந்தது. அவன் நாலைந்து இதயம் போட்டான்.

அவர் மூச்சு அடங்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. மூன்றாம் கேமராவின் பதிவை நானேதான் உங்களிடம் கொண்டுவந்தேன். அழிக்க மனம் வரவில்லை. அதில் அவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். தனியாகச் செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசிவரை நான் கண்ணை எடுக்கவே இல்லை.