வாத்திறகுத் தலையணை

உங்கள் அறையில் கணப்பு நன்றாக எரிகிறது ஐயா. விறகு அடுக்கியவர் கை தேர்ந்தவர். எங்கள் வீட்டு மாடி அறையிலும் இதுபோல ஒரு கணப்பு உண்டு. அப்பா எனக்கு எழுதிவைத்த அறை அது.

உயில் வழக்குகளை விசாரிக்கிறவர் நீங்கள், கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஆம்ப்ரோஸ் தர்லோ மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். அம்மா முன்பே போய்விட்டாள். அவரைக் கழுவித் துடைத்து, ஊட்டி, புரட்டிப் போட்டது எல்லாம் நான்தான். உயிலில் நிலம் தம்பி கில்பர்ட்டுக்கு. அது எங்கும் உள்ளதுதான், எனக்கு வருத்தமில்லை. எனக்கு மாடி அறை, இறகு மெத்தை, பெரிய பித்தளைப் பானை, கல்யாணம் ஆகாமல் இருக்கும்வரை. எனக்கு வயது நாற்பத்தொன்று, அந்த நிபந்தனையைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அந்த அறை இல்லையென்றால் தம்பியின் சமையலறைப் பெஞ்சில் படுத்து, தம்பி மனைவி கூப்பிடும்போதெல்லாம் எழுந்திருக்க வேண்டும். சாகும்வரை அப்படித்தான்.

தங்கை சிசிலிக்கு ஒரு ஷில்லிங். ஊர் ஊராகத் திரிகிற ஈயம் பூசுகிறவனோடு ஓடிப்போனவள். ஒரு ஷில்லிங் எழுதினால், உன்னை மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா.

ஈஸ்டர் கழிந்து அவள் வந்து நின்றாள். புருஷன் செத்துவிட்டான், இடுப்பில் குழந்தை. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு எரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இரண்டு நாளில் அதுவும் போய்விட்டது. அதன் பிறகு எதுவும் தோன்றவில்லை, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த வாரம் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாலு நாள் இழுத்தது. ஐந்தாம் நாள் காலை கண்ணைத் திறந்து ஓட்ஸ் கஞ்சி கேட்டார். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். போகப்போகிறவர்கள் கடைசியில் அப்படிக் கொஞ்சம் தேறுவது உண்டு என்பார்கள்.

சிசிலி குழந்தைத் துணிகளை ஓடையில் அலசப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தாம்சின், பக்கத்து வீட்டு மார்ஜரியையும் அவ புருஷனையும் கூட்டிட்டு வாம்மா."

"எதுக்குப்பா?"

"பாதிரியார் வந்து எழுதுறவரைக்கும் நான் தாங்குவேனோ என்னவோ. ரெண்டு பேர் காதால கேட்டா போதும், அது செல்லும். மாடி ரூம் சிசிலிக்கு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு குளிர்ல எங்க போவா அவ?"

"அப்ப நான் எங்கப்பா போறது?"

"உனக்கென்னம்மா, நீ கெட்டிக்காரி. எங்க விட்டாலும் இருந்துக்குவ."

என்னைக் கெட்டிக்காரி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் கீழே இறங்கிப் போனேன். மார்ஜரி வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா இழுத்துக்கிட்டு இருக்காரு?" என்றாள். "தலையணையில புறா இறகு கலந்திருக்கும்டி. அது இருந்தா உயிர் லேசுல பிரியாது. உருவி விட்டுடு. எங்க மாமியாருக்கும் அப்படித்தான் செஞ்சோம். புண்ணியவதி, நான் திரும்பறதுக்குள்ள போயிட்டா. உயிரோட இருக்கறப்ப ஒரு நாளாவது அவ்வளவு சீக்கிரம் என் சொல் கேட்டிருப்பாளா?"

"சரிக்கா" என்றேன். அப்பா அவளைக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மேலே போய்த் தலையணையை உருவினேன். அன்று காலைதான் தரையைக் கழுவியிருந்தேன், ஈரம் காயவில்லை. உறை வெள்ளைத் துணி. கீழே வைக்க மனம் வரவில்லை. அப்பாவின் முகத்தின் மேல் வைத்தேன். நழுவி விழாமல் பிடித்துக்கொண்டேன். சிசிலி ஓடையிலிருந்து திரும்பி வருவதற்குள் உறையை மாற்றி, அவர் தலைமுடியையும் வாரிவிட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கம்பக்கத்து ஆண்கள் இரண்டு பேர், உயிலோடு உங்களிடம் கொடுக்க, வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுக்க வந்தார்கள். ஒருவர் தலையணையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்து, "கலப்பு இறகுன்னு போட்டுக்கவா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நல்லா கையை வெச்சுப் பாருங்க. அத்தனையும் வாத்து இறகு. ஆறு வருஷம் மைக்கேல் திருநாளுக்கு அடிச்ச வாத்துலேர்ந்து ஒவ்வொண்ணா பொறுக்கி நானே அடைச்சது. ஒரே ஒரு புறா இறகு இருக்கட்டும், நீங்க சொல்றபடி கேக்கறேன்" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் சிசிலி, அப்பா தனக்கு அறை தருவதாகச் சொன்னார் என்று இங்கே வந்து முறையிட்டாள். அப்போது நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். வேதப் புத்தகத்தில் கைவைத்து, புறா இறகு உயிரைப் பிடித்து வைத்திருந்தது, இரக்கப்பட்டு உருவினேன் என்றேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதானே. இன்று அந்தப் பட்டியலையும் நான் சொன்னதை எழுதிய காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆமாம் ஐயா. மூச்சு அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். நினைத்ததைவிட அதிக நேரமானது. கஞ்சி குடித்த தெம்பு இருந்தது அவருக்கு. அந்த அறைக்காகச் செய்யவில்லை, அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல்தான். சிசிலி அறையை எடுத்துக்கொள்ளட்டும், மெத்தையையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டியலில் தலையணையை மெத்தையோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். அதைத் தனியாக என் பேரில் எழுதச் சொல்லுங்கள். நேற்று ராத்திரிவரை அதில்தான் தலை வைத்தேன், நல்ல தூக்கம் வந்தது.