ஒரே பெயரில் இரண்டு அலர்ஜி

என் பெயர் காவ்யஸ்ரீ, வயது 29, தந்தை பெயர் பத்ரிநாத். மதுரை திருப்பரங்குன்றத்தில் பெற்றோருடன் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். கே.கே. நகரில் வெங்கடேஷ்பாபு என்பவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராமராக வேலை பார்த்து வந்தேன். பரவை பக்கமுள்ள தனியார் மருத்துவமனையில் நடந்த சம்பவம் தொடர்பாகக் காவல் ஆய்வாளர் சுருளி அவர்கள் இன்று என்னை அழைத்து விசாரிக்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதையே மருத்துவமனையில் மூன்று நான்கு பேரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

மேற்படி மருத்துவமனைக்கு நோயாளிகளின் விவரம் பதியும் மென்பொருளை எங்கள் நிறுவனம் செய்து கொடுத்தது. அதில் ஒரு நோயாளியைப் பற்றிய எல்லா விவரமும் ஒரே ஆப்ஜெக்டாக இருக்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து என்ற பெட்டிக்குள் அலர்ஜி என்று ஒன்று இருக்கும், உணவு என்ற பெட்டிக்குள்ளும் அலர்ஜி என்று ஒன்று இருக்கும். வார்டில் மாட்டியுள்ள திரைக்கு அனுப்பும்போது பெட்டிகளைப் பிரித்து, பெயரும் அதற்கு நேரே விவரமுமாக ஜோடி ஜோடியாக ஆக்க வேண்டும். அதை மேப் என்போம். மேப்பில் ஒரு பெயர் ஒருமுறைதான் இருக்க முடியும். அதே பெயரில் இன்னொன்று வந்தால், முதலில் இருந்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது.

ஆகவே நான் எழுதியபோது மருந்து-அலர்ஜி, உணவு-அலர்ஜி என்று பெட்டியின் பெயரையும் சேர்த்தே எழுதினேன். அதன்பிறகு சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் வெங்கடேஷ்பாபு என்னை அழைத்து, பெயர்கள் நீளமாக இருப்பதால் திரையில் மடங்கி விழுகிறது, பார்க்க நன்றாக இல்லை, முன்னால் இருப்பதை வெட்டிவிடு என்றார். வெட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்று சொன்னேன். "எதுக்கெடுத்தாலும் ஒரு நொள்ள சொல்லுவியா?" என்றார். நான் மறுத்ததால் அவரே உட்கார்ந்து வெட்டினார். திரை பார்க்க அழகாக ஆனது.

சென்ற வியாழக்கிழமை காலை பரவையைச் சேர்ந்த விவசாயி கருத்தக்கண்ணன் என்பவர், காலில் மண்வெட்டி பட்ட புண் சீழ் வைத்து, காய்ச்சலில் பிதற்றிய நிலையில் சேர்க்கப்பட்டார். அப்பாவுக்குப் பெனிசிலின் ஆகாது என்று அவர் மகள் முத்துச்செல்வி சொல்லியிருக்கிறார். அது சரியாகவே பதியப்பட்டிருக்கிறது. உணவு அலர்ஜி இல்லை என்பதும் பதியப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்றாகிவிட்டதால் பின்னால் வந்த உணவின் விவரம் மருந்தின் விவரத்தைத் தள்ளிவிட, திரையில் 'அலர்ஜி: இல்லை' என்று மட்டும் வந்தது. அதைப் பார்த்து டாக்டர் பெனிசிலின் எழுத, நர்ஸ் நாகஜோதி ஊசி போட, கருத்தக்கண்ணன் முகம் வீங்கி மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போகப்பட்டார். இவை நான் பின்னர் அறிந்தவை.

அன்று மதியம் போன் வந்ததும் வெங்கடேஷ்பாபுவும் நானும் அங்கு சென்றோம். வார்டு வாசலில் நாகஜோதி கொண்டை அவிழ்ந்து நின்றிருந்தார். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. முத்துச்செல்வி அவரிடம், "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பதிஞ்சாகளே, நீ கண்ணை எங்கடி வச்சிருந்த?" என்று கத்திக்கொண்டிருந்தார். நாகஜோதி திரையையே கைகாட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பார்த்தவுடன் புரிந்தது. அதன்பிறகு வெங்கடேஷ்பாபு என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய், போலீஸ் வருமுன் லேப்டாப்பில் பழையபடி மாற்றிவிடு, ஊசி போட்டது அந்தப் பெண்தானே என்றார். நான் லேப்டாப்பைத் திறக்காததும் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில், நம்மாளு நீயே என்னைக் காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார். மற்ற நோயாளிகளுக்கும் இப்படித்தானே காட்டும், முதலில் எல்லாத் திரையையும் நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினால் சந்தேகம் வரும் என்றார். அதன்பிறகு அவரிடம் பேசிப் பயனில்லை என்று லேப்டாப்பை மருத்துவமனை நிர்வாக அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டு, வார்டு வார்டாகப் போய்த் திரைகளின் பிளக்கை நானே பிடுங்கினேன். முத்துச்செல்வி நின்ற வார்டு வாசலில் காவலாளி என் கையைப் பிடித்து இழுத்தார். அதே இடத்தில் நின்றபடி, நர்ஸ் மேல் தப்பில்லை, திரைதான் பொய் சொன்னது என்று முத்துச்செல்வியிடம் சொன்னேன். அவர் என்னையும் அடிக்க வந்தார்.

இன்று விசாரணையில் ஆய்வாளர் கேட்டதும் நான் சொன்னதும்:

"அப்ப அந்த அலர்ஜிய யாரும்மா அழிச்சது?"

"யாரும் அழிக்கல சார். பதிஞ்சது உள்ள அப்படியே இருக்கு. திரைக்குப் போற வழியில விழுந்துருச்சு."

"விழுந்துருச்சுன்னா, எங்க விழுந்துச்சு?"

"சார், உங்க போன்ல அழகுபாண்டின்னு ஒருத்தர் நம்பர் இருக்கு. அதே பேருல இருக்குற இன்னொருத்தர் நம்பரை அதுக்கு மேலயே போட்டு சேவ் பண்ணுனா, மொத ஆளைக் கூப்பிட முடியுமா?"

"முடியாது. அவன் நம்பர்தான் போயிருச்சே."

"அம்புட்டுத்தான் சார்."

அதன்பிறகு ஆய்வாளர் எழுத்தரைக் கூப்பிட்டு, இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கருத்தக்கண்ணன் பிழைத்து, நேற்று கஞ்சி குடித்ததாகத் தெரிகிறது. நாகஜோதி மீது கொடுத்த புகாரைத் திரும்பப் பெற முத்துச்செல்வி இன்று நிலையத்துக்கு வந்திருந்தார். வெளியே பெஞ்சில் நாகஜோதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாகஜோதி எழுந்து போகவில்லை.

நான் சொன்னதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'கணினிக் கோளாறு காரணமாக' என்று எழுதியிருந்தார். அப்படித்தான் வழக்கமாக எழுதுவோம் என்றார். அதை அடிக்கச் சொன்னேன். கணினியில் கோளாறு எதுவும் இல்லை, வெட்டச் சொன்னார்கள், வெட்டியது. 'தெரிந்தே பெயரை வெட்டியதால்' என்று திருத்தப்பட்டது. திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி எழுதியிருப்பதெல்லாம் என் வாயால் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) ப. காவ்யஸ்ரீ