மூன்று டபிள்யூ போடாதவர்கள்

கேட் 'டமார்' என்று அடித்தது. காற்றாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன்குழம்பு சாப்பிட்டபின் வரும் தூக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும், மேடம். என் மாமனார் விக்டர் எங்கள் முதலியார்பேட்டை வீட்டை விட்டுப் போனது அப்போதுதான்.

கம்ப்யூட்டர் விஷயத்தை வாக்குமூலத்தில் உங்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எளிதுதான்.

நான் வெப்சைட் செய்து கொடுப்பவன். பேக்கரி, தங்கும் விடுதி, பல் டாக்டர் என்று பாண்டியில் அறுபது பேருக்காவது செய்திருப்பேன். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "முன்னாடி மூணு டபிள்யூ போடணுமா, வேணாமா சார்?" உங்கள் இஷ்டம் என்பேன். மூன்று டபிள்யூவோடு அடித்தால் ஒரு கதவு, இல்லாமல் அடித்தால் இன்னொரு கதவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதைத் தட்டுபவர்களையும் அதே அறைக்குத் திருப்பிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அறுபது பேருக்கும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

மாமாவுக்கு ஞாபகம் தப்பி மூன்று வருடம். என் மனைவி வெரோனிகாவை, செத்துப்போன என் மாமியார் என்று நினைத்துக்கொண்டு 'லூர்து' என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் சுத்தமாக மறந்துவிட்டது. இரவில் அவர் எழுந்து போய்விடக் கூடாதென்று வெரோனிகா அவர் அறையிலேயே பாய் போட்டுப் படுப்பாள். துப்பட்டாவின் ஒரு முனை அவர் மணிக்கட்டில், மறுமுனை இவள் மணிக்கட்டில். மூன்று வருடம். குறையாகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். அந்த ஞாயிறு அவள் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தாள். துப்பட்டா என் கையில் இருக்க வேண்டிய நாள்.

மறுநாளே அவரைத் தேட ஒரு வெப்சைட் வைத்தேன். போட்டோ, அடையாளம், தகவல் எழுத ஒரு பெட்டி. யாராவது எழுதினால் வெரோனிகாவின் போனில் மணி அடிக்கும். முதலில் எழுதியவன் எவனோ குடிகாரன். 'உங்க அப்பா கடல்ல மிதக்குறாரு, வந்து எடுத்துக்கோ.' செருப்புகூடப் போடாமல் கடற்கரைக்கு ஓடினாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

அதன் பிறகுதான் கதவைப் பிரித்தேன். அவள் போனில் இருந்தது மூன்று டபிள்யூ முகவரி. அதைத் தொடவில்லை. போஸ்டரில் மட்டும் டபிள்யூ இல்லாமல் அச்சடித்தேன். அந்தக் கதவிலும் அதே போட்டோ, அதே பெட்டி. அங்கே எழுதுவது மட்டும் அவளுக்குப் போகாமல் எனக்கு வரும். கண்டதையெல்லாம் சலித்துவிட்டு, நல்லதை அவளிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எந்தக் கணவனும் செய்யக்கூடியதுதான்.

பசை வாளியோடு கோரிமேடு பஸ் ஸ்டாப் வரை போய் ஒட்டியவள் அவள்தான்.

"என்னங்க, போஸ்டர்ல டபிள்யூ இல்லியே?"

"ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றேன்.

பதினோராம் நாள் சிவசங்கரி என்ற பெண் எழுதியிருந்தாள். திண்டிவனம் பக்கம் ஒரு காப்பகத்தில் வேலை. 'கோரிமேட்டுல பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருத்தர் இங்க இருக்கார். கஞ்சி குடுத்தா மெர்சி சொல்றார். படுக்கும்போது கையை நீட்டி, கட்டு கட்டுங்கறார். எங்களுக்குப் புரியல.' கீழே போன் நம்பர்.

பாண்டியில் நன்றிக்குப் பதில் பிரெஞ்சில் மெர்சி சொல்லும் கிழவர்கள் நூறு பேர் இருப்பார்கள். இருந்தாலும் பேசிப் பார்த்தேன். குரல் தெளிவாக இல்லை. "இவர் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மதியம் வெரோனிகா எங்கள் அறையில், எங்கள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் முதல் முறை. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

சிவசங்கரி விடவில்லை. சளி பிடித்திருக்கிறது, ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் என்று இன்னும் மூன்று முறை எழுதினாள். கடைசியாக எழுதியது: 'காலைல இறந்துட்டார். சிலுவை போட்டுக்குவார், அதனால சாமியாரைக் கூப்பிட்டோம். பேர் தெரியல. பெரியவர்னு எழுதி அடக்கம் பண்ணிட்டோம்.'

கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறையில் மாமியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினோம். பக்கத்தில் மாமாவுக்கென்று விட்டிருந்த இடத்தில் வெரோனிகா குனிந்து புல் பிடுங்கினாள். "அவருக்கு இப்ப வேணாங்க. ஆனா புதர் மண்டிக் கெடந்தா வந்து திட்டுவாரு." நானும் பிடுங்கினேன்.

அவள் பிறந்த நாளன்று பாரிஸிலிருந்து அவள் தம்பி பிரான்சுவா போனில் வந்தான். "ஏங்க்கா, அப்பா வெப்சைட்லயே உனக்கு வாழ்த்து எழுதி வுட்டேன். ஒரு மெர்சிகூட சொல்ல மாட்டியா?" வரவேயில்லையே என்றாள். அவள் அனுப்பியிருந்த போஸ்டர் போட்டோவைப் பார்த்து, அதில் இருந்த முகவரியை அடித்திருந்தான். மூன்று டபிள்யூ போடவில்லை.

வெரோனிகா கத்தவில்லை. என் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, வந்திருந்த எல்லாவற்றையும் படித்தாள். 'கட்டு கட்டுங்கறார்' என்ற இடத்தில் நிறுத்தினாள். உள்ளே போய்த் துப்பட்டாவை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, மீதியைப் படித்தாள். என்னை இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தவளும் அவள்தான்.

அவள் நன்றாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இப்போது அவள் தூங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒன்று எழுத விட்டுப்போனது. குரல் தெளிவாக இல்லை என்றேன் அல்லவா? சிவசங்கரி போனை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சி எடுத்து வர உள்ளே போயிருந்தாள். நான் "ஹலோ" என்றேன். அவரிடம் அது ஒன்றுதான் சொன்னேன். அதற்கு அவர் கேட்டுக்கொண்டபடிதான், மேடம், நான் கடைசிவரை நடந்துகொண்டேன்.

"ஜெர்ரி மாப்ளயா? வழி தவறிப் பூட்டேன் மாப்ள. வெரோனிகாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவா. நீங்க மட்டும் வண்டி எடுத்துகினு வாங்க, நான் கேட்டாண்டயே நிக்கிறேன்."