கொழும்பு டானிக்

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு பெண்கள், அக்கா தங்கை போலிருந்தார்கள். இளையவளின் மடியில், வெளிறிய முகத்தோடு ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு வந்த டானிக்கை இப்ப நான்தான் குடிக்கிறேன் லாத்தா" என்றாள் இளையவள். அதன் பிறகு எனக்கு ஜன்னலில் கவனம் போகவில்லை.

"என்னடி இது? மாப்பிள்ளை கொழும்புலேருந்து பிள்ளைக்குன்னு அனுப்புறதையா?"

"மதுரை டாக்டர் நிப்பாட்டச் சொல்லிட்டாரு. இது தலசீமியாவாம், பிறவியிலேயே ரத்தம் சரியா ஊறாதாம். மாசாமாசம் ஏத்துற ரத்தத்துலயே இரும்பு ஏகமா இருக்காம். டானிக்குல இருக்கதும் இரும்புதானாம். ரெண்டும் சேந்தா ஈரல்ல போய்த் தங்கிருமாம். கீழ கொட்டவும் எனக்கு மனசு வரலை."

"பிறகு பிள்ளைக்கு என்னதான் குடுக்குற?"

"போலிக் ஆசிட்னு சின்ன மஞ்ச மாத்திரை. தினம் ஒண்ணு."

"மாப்பிள்ளைக்கு எழுதிட்டியா?"

இளையவள் சிறுமியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"மூணு வருசமா அவுக ஆசையா அனுப்புனதுதான் பிள்ளைக்குக் கெடுதல்னு எந்தக் கையால எழுத? பிள்ளைக்கு இப்பத் தேவலை, இனி டானிக் வேணாம்னு எழுதுனேன்."

"நல்லதாப் போச்சு. நிப்பாட்டிருப்பாரே."

"தேவலைன்னதும், டானிக்தான் தேத்திருச்சுன்னு அவுகளுக்குச் சந்தோசம் தாங்கலை லாத்தா. எப்பவும் ரெண்டு பாட்டில்தான் வரும். நேத்து ஆறு வந்திருக்கு."