டம்மி பேசக் கூடாது

டுலூத் ஊரில் செவ்வாய்க்கிழமை மதியம் பிரிட்ஜ் சீட்டாட வருகிறவர்களில் என்னைவிட மெதுவாகச் சீட்டு இறக்குகிறவர் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வெர்னா ஹாகன் இருபத்திரண்டு வருடமாக என் ஜோடி. மேசையில் மட்டும்தான். அவளுடைய நெஞ்சுவலி மாத்திரை டப்பி என் கோட்டுப் பையில் இருக்கும். உள்ளங்கையை விரித்து நீட்டினால் ஒன்று கொடுப்பேன். அன்று மாதத்தின் கடைசிச் செவ்வாய். உட்காரும்போதே சொன்னாள்: "எல்வுட், அடுத்த மாசத்துலேருந்து நான் டெல்பர்ட்கூட ஆடப் போறேன். அவன் மளமளன்னு போடுறான். உன்னோட ஆடி எனக்கு நரைச்சே போச்சு."

சிரித்து வைத்தேன்.

எதிர்ப்பக்கம் அதே டெல்பர்ட், தன் தங்கை இர்மாவோடு. அன்றைய கடைசி ஆட்டம். ஸ்பேட் துருப்பு, பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுப்பதாக நான் ஏலம் கேட்டிருந்தேன். வெர்னா தன் சீட்டுகளை மேசையில் விரித்து டம்மி ஆனாள். டம்மி வாய் திறக்கக் கூடாது. நான் சொல்லும் சீட்டை எடுத்து வைப்பதோடு சரி. இதை மீறியவர்கள்மேல் புகார் எழுதிக் கொடுப்பவளே அவள்தான்.

முதல் பிடி எனக்கு. வெளியே, அவர்கள் இருவர் கையிலும், நான்கு துருப்பு இருந்தன. மூன்று சுற்றில் நான்கும் விழுந்தன. மீதி ஒன்பதில் ஒன்றை விட்டாலும் எட்டு என்னுடையவை. இந்த இடத்தில் யாராயிருந்தாலும் கைச்சீட்டைக் காட்டி, "ஒண்ணு உங்களுக்கு, மிச்சம் என்னுது" என்று முடித்துவிடுவார்கள். வெர்னாவுக்கும் எண்ணத் தெரியும். நான் முடிப்பேன் என்று என்னையே பார்த்தாள். நெற்றி வியர்த்திருந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"கிளாவர் நாலு," என்றேன்.

அந்தக் கையாலேயே எடுத்து வைத்தாள்.

"வெர்னா, என்ன ஒரு மாதிரி இருக்க?" என்றான் டெல்பர்ட்.

"ஆட்டம் நடக்கும்போது டம்மிகிட்ட பேசாத," என்றேன். அவளும் தலையசைத்தாள்.

"அப்ப நீயாவது சட்டுனு போடுப்பா. அடுத்த பனிக்காலம் வந்துரும்போல."

ஒவ்வொரு சீட்டுக்கும் யோசித்தேன். பதினேழு நிமிடம். கடைசிப் பிடிக்கு அவள் கை எழவில்லை. அவள் சீட்டை நானே எடுத்து வைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துருப்பு இன்னும் வெளியே இருக்குமோ என்று பயந்தேனா என்கிறீர்கள். இல்லை, நான்கும் விழுந்ததை எண்ணினேன். மாத்திரை எந்தப் பையில் என்பதும் தெரியும். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவளோடு ஆட எனக்கு ஒன்பது பிடி பாக்கியிருந்தது. அதை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?