பொன்னியம்மாளின் சீட்டு

எனக்குக் கல்யாண வீடு என்றால் போதும், ஐயா, கால் தரையில் நிற்காது. எந்தத் தெருவில் நாயனம் கேட்டாலும் அழைப்பில்லாமலே போய் நிற்பேன். நர்ஸ் கிருபாபாய் வந்தால் பந்தியில் ஓர் இலை கூடப் போட வேண்டும் என்று சித்தூரில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு மருந்து வருவதும் குறைந்தது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஒருவருக்குப் போட மட்டுமே இருந்தது. பெண்கள் வார்டில் இரண்டு பேர். நகரிப் பக்கத்துப் பொன்னியம்மாள், நாற்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை. புத்தலப்பட்டுச் சுந்தரிக்கு இருபது.

டாக்டர் தேவானந்தம் நியாயமானவர். புத்தாண்டுக்கு வேத வசனச் சீட்டு எடுப்போமே, அந்தத் தகரப் பெட்டியில் இரண்டு பெயரையும் போட்டு, ஜெபம் செய்து, ஒன்றை எடுத்தார். பொன்னியம்மாள் பெயர் வந்தது.

சீட்டுக்கு என்ன தெரியும்? சுந்தரிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை சம்பத் ஞாயிறுதோறும் புத்தலப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சுந்தரியின் ஜன்னலுக்கு வெளியே நிற்பான். அவன் வாயசைத்துப் பேசுவான். அவள் போர்வைக்குள் சிரிப்பாள். நிஜமாகவே காத்திருப்பாயா என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்க பொழைக்க வச்சா தையில கல்யாணம், நர்ஸம்மா. நீங்க வராம தாலி கட்ட மாட்டேன்" என்றான்.

அன்று முழுவதும் வார்டில் பாடிக்கொண்டே நடந்தேன்.

ஊசி போடுவது நான்தான். மருந்தைச் சுந்தரிக்குப் போட்டேன். சத்து ஊசி என்று சொல்லி வைத்தேன். பொன்னியம்மாளுக்கும் ஒரு நாள் தவறவிடவில்லை. அதே நேரம், அதே அளவு. வெறும் காய்ச்சிய தண்ணீர். அவள் மனம் நோகவில்லை.

"உன் கையால குத்தினா நோவே தெரியலம்மா. தேறிக்கினு வரேன் இல்ல?"

"நல்லாத் தேறிக்கினு வரீங்க, அக்கா" என்பேன். கஞ்சியோடு நிற்கும் அவள் மகள் செல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு.

தை பிறந்த நான்காம் நாள் பொன்னியம்மாள் போய்விட்டாள். மறுவாரம் சுந்தரியின் கல்யாணம். ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலித்தது.

மருந்தே போடாத பெண்ணின் நெஞ்சுப் படம் எப்படித் தெளிந்தது என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். பொன்னியம்மாளைக் கொன்றது நான்தான். ஒரே ஒரு வேண்டுகோள். தாய் இறந்து வருஷம் திரும்புவதற்குள் நடத்திவிட வேண்டும் என்று வருகிற வெள்ளிக்கிழமை செல்விக்கு முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். நேற்று வந்து என் காலைத் தொட்டாள். "எங்கம்மாவ அப்படிப் பாத்துக்கினீங்க. அவங்க எடத்துல நீங்கதான் நிக்கணும்" என்றாள்.

அதுவரை அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், ஐயா. தாயில்லாத பெண்ணை மணவறையில் எப்படித் தனியே விடுவது?