தேர்வு நாள் காய்ச்சல்

அதுல உக்காராதீங்க சார், ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. மொதல்ல காப்பியக் குடிங்க, சாவிக்கொத்து எங்கயும் ஓடிடாது. பால் இல்ல, பால்பொடிதான். இருவத்தாறு வருஷமா இந்த ஆபீஸ்ல பால்பொடிதான்.

ம்ம், இந்த ஸ்கூல யாரு நடத்துறாங்கன்னு கேட்டீங்க இல்ல? காயிதத்துல பாத்தா ஆறு பேரு. ஊரு ஓட்டுப் போட்டு எடுக்குற போர்டு. மாசத்துல ரெண்டாவது திங்கக்கெழம லைப்ரரில கூடுவாங்க. அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது, ஒருத்தி தூங்கிடுவா, இன்னும் ரெண்டு பேரு டுவேன் கையத் தூக்கினா தாங்களும் தூக்குவாங்க. ஆறாவது ஆளு டுவேன். டுவேன் பொஸ்பிஷில். ஊருக்குள்ள வரும்போதே வெள்ளையா ஒசரமா நாலு உருளை நின்னுச்சே, தானியக் கிடங்கு, அது அவரோடது. இந்தக் கெல்டன்ல சோளம் போடுறவன் அத்தன பேரும் அறுப்பு முடிஞ்சா அவருகிட்டதான் கொண்டாந்து கொட்டணும். அப்பறம் எவன் எதுத்துப் பேசுவான்? உங்கள வேலைக்கு எடுத்ததும் அவருதான். அனுப்புறதும் அவராத்தான் இருக்கும். சிரிக்காதீங்க, விளையாட்டுக்குச் சொல்லல.

பணமா? எல்லாம் நெலத்து வரிதான். நெப்ராஸ்கால இருக்குற இந்த மாதிரி சின்ன ஊருல வேற என்ன வரும்? கண்ணுக்கு எட்டுற தூரம் நெலம் வச்சிருப்பான், புள்ள டென்வருக்குப் போயி இருவது வருஷம் ஆயிருக்கும். அவன்கிட்டப் போயி, ஸ்கூல் கூரை ஒழுகுது, வரிய ஏத்தட்டுமான்னா? மூணு வாட்டி ஓட்டுக்கு விட்டோம், மூணு வாட்டியும் தோத்துச்சு. ஜிம்முல நடுவால பக்கெட்ட வச்சுக்கிட்டு, அதச் சுத்திச் சுத்திப் பசங்க பாஸ்கட்பால் ஆடும். வரி வேணாம்னு குத்தின அதே ஆளுங்க வந்து பாத்துட்டுக் கைதட்டிட்டுப் போவாங்க.

படிப்பு எப்படின்னு கேட்டா... மொத்தம் நூத்தி நாப்பத்தோரு புள்ளைங்க சார், கேஜிலேருந்து பன்னெண்டாவது வரைக்கும். பெரிய ஊருல பத்துப் புள்ள மக்குன்னா கூட்டத்துல தெரியாது. இங்க ஒரு கிளாசுல பதினோரு பேரு. அதுல மூணு கவுந்துச்சுன்னா கிளாசே கவுந்துது. வருஷா வருஷம் ஏப்ரல்ல மாநிலத் தேர்வு. தொடந்து கடைசில நின்னோம்னா, இழுத்து மூடி பக்கத்து ஊரு மார்லோ ஸ்கூலோட சேருங்கன்னு பேச்சு எழும்பிடும். இருவத்திரெண்டு மைல். மார்லோ பசங்க எங்க பசங்களப் பன்னின்னுதான் கூப்புடும். ஸ்கூல் போனா ஃபுட்பால் டீம் போவும், டீம் போனா மளிகைக்கடை போவும், என் வேலையும்தான் போவும். அப்பறம் ஊருல டுவேனோட நாலு உருளையும் நாலு நாயும்தான் நிக்கும்.

சரி, லோமாக்ஸ். எனக்குத் தெரியும் நீங்க அவரப் பத்திதான் கேக்க வந்தீங்கன்னு. எல்லாரும் அங்கதான் வருவாங்க.

உங்களுக்கு முன்னாடி இந்த ரூம்ல ஸ்கூல் கண்காணிப்பாளரா இருந்த ஆளு. லிங்கன்லேருந்து வந்தாரு, நாப்பது நாப்பத்தோரு வயசு இருக்கும், ஒல்லி. தினம் டை. பொண்டாட்டி ஐரிஸ், பியானோ சொல்லிக் குடுக்கும். பஸ்சுக்கு டிரைவர் கெடைக்கலேன்னதும், கண்காணிப்பாளர்னு பாக்காம, அந்த மனுசன் தானே டையோட ஏறி ஓட்டுனாரு. ரெண்டு மாசத்துல நூத்தி நாப்பத்தோரு பேரும் மனப்பாடம். சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் படிப்பு ஏறாத புள்ளைங்கள சாப்பாட்டு ரூம்ல ஒக்கார வச்சுக்குவாரு. வியாழக்கெழம மத்தியானச் சாப்பாட்டுல சில்லிங்கிற கறிக் கொழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் மிஞ்சும், அதச் சூடு பண்ணிக் குடுத்துக்கிட்டே சொல்லித் தருவாரு. சம்பளம் எதுவும் கெடையாது அதுக்கு. டுவேன் எங்கிட்டக் கேட்டாரு, இந்தாளு என்ன, பாதிரியாருக்குப் படிச்சவனான்னு.

அதுல ஒரு பொண்ணு. டெஸ்ஸா கம்மர். அஞ்சாவது. பன்னிக் கொட்டாய்க்கு அந்தாண்ட ஒரு தகர வீடு, அப்பன் கறி வெட்டுற ஃபேக்டரில, அம்மாக்காரி பகல்லயும் எந்திரிக்க மாட்டா. பத்து வயசுக்கு அது ஒரு வரி படிக்காது சார். எழுத்தெல்லாம் தலகீழாத் தெரியுமாம். அத வச்சுக்கிட்டு எட்டு மாசம் மல்லுக்கட்டுனாரு. அதுவும் அவரு பின்னாலயே திரியும்.

போன ஏப்ரல் தேர்வுக்கு மொத நாளு, படிப்பு ஏறாத புள்ளைங்க பதினோரு பேரு வீட்டுக்குப் போன் போச்சு, நாளைக்குப் புள்ளைய அனுப்பாதீங்கன்னு. நான்தான் பண்ணேன். அதுல ஒளிவு மறைவே இல்ல, ஊருக்கே என் குரல் தெரியும். நான் குமாஸ்தா, சொன்னதச் செய்யிறவ. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு சொல்லணும்ல? ஒரு வீட்டுக்குத் தண்ணிக் கொழாய் ஒடைஞ்சிருக்கு, அவங்க கிளாசுக்கு லீவுன்னேன். ஒரு வீட்டுக்குத் தொண்டைப் புண்ணு பரவுதுன்னேன். கம்மர் வீட்டுக்கு, உங்க பொண்ணு தலையில பேனு, வெள்ளிக்கெழம வரைக்கும் வேணாம்னேன்.

மறுநாள் காலையில பஸ் கம்மர் வீட்டு வாசல்ல போயி ஹாரன் அடிச்சுது, யாரும் வரல, கெளம்பி வந்துருச்சு. ஆலங்கட்டியும் மழையுமா ஒரே அடி. பத்து மணிக்கு இன்னும் கால் மணி இருக்கும். நான் இதோ இந்த ஜன்னல்லதான் நின்னேன். ரோட்டுல ஒரு புள்ள நடந்து வருது. நாலு மைலு சார். கிட்ட வந்தப்பறம்தான் யாருன்னே தெரிஞ்சுது. ஏன்னா தல மொட்டை. அம்மாக்காரி பேனுன்னு கேட்டதும், ஆட்டுக்கு ரோமம் எடுக்குற மெஷின வச்சு வழிச்சு உட்டுட்டா. அங்கங்க ரத்தக் கோடு. சிரிக்கக் கூடாதுதான், ஆனா பாக்க உரிச்ச கோழி மாதிரி இருந்துச்சு. கையில ரெண்டு பென்சில்.

லோமாக்ஸ் வராந்தாவுக்கு வந்தாரு. அது நிமுந்து பாத்துச்சு. சார், பேனு போயிடுச்சு, இப்ப எழுதலாமான்னு கேட்டுச்சு.

அவ்ளோதான். கத்துனாரு பாருங்க. யார் சொன்னா, உன்ன யாரு வர வேணாம்னு சொன்னான்னு வராந்தாவே அதிர்ற மாதிரி. டீச்சர்ங்க கதவத் தொறந்து எட்டிப் பாத்தாங்க. அப்பறம் அவங்களே வெளிய போயி சொன்னாங்க, அந்தப் புள்ள வந்துருச்சேன்னு மனுசனுக்கு என்ன ஆத்திரம் பாருன்னு. நான் ஒரு வார்த்த சொல்லல. பாத்தவங்க பாத்ததச் சொன்னாங்க.

போன் விஷயம் லிங்கன்ல இருக்குற மாநிலக் கல்வி ஆபீசு வரைக்கும் போயிடுச்சு. விசாரணையெல்லாம் பெருசா ஒண்ணுமில்ல. மறு வாரமே ஜிம்முல கூட்டம். எரநூறு பேருக்கு மேல. ஃபுட்பாலுக்குக்கூட அவ்ளோ பேரு வந்ததில்ல. மைக்கு ஒயரு எட்டாதுன்னு அவர நடுவுல தனியா நிக்க வச்சாங்க. டை கட்டியிருந்தாரு. டுவேன் என்னக் கூப்ட்டாரு. எந்திரிச்சு, லோமாக்ஸ் சார் சொன்னாரு, நான் போன் பண்ணேன், எனக்கும் வயித்துப்பாடு இருக்குதுன்னேன். அழுதேன். பக்கத்துல இருந்தவ கைக்குட்டை குடுத்தா.

அப்பறம் அந்தப் பொண்ணோட அப்பன் கம்மர் எறங்கி வந்தான். பன்னி ரத்தக் கவிச்சியோட, வேலைலேருந்து நேரா வந்திருந்தான். அவரு மூஞ்சில துப்பினான். யாரும் தடுக்கல, டுவேன் மட்டும் போதும் போதும்னாரு, அதுவும் துப்பினதுக்கு அப்பறம். லோமாக்ஸ் ஏதோ சொல்லப் பாத்தாரு, நான்தான் அந்தப் புள்ளைய ஒக்கார வச்சு எழுத விட்டேன்னு. கூச்சல்ல யாருக்குக் கேக்குது? மூணாவது வரிசைலேருந்து ஐரிஸ் எந்திரிச்சா. புருஷன் பக்கத்துல போவான்னு நெனச்சேன். நேரா வாசலுக்குப் போனா. கார் கெளம்புற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. அவரு கைக்குட்டையத் தேடி எல்லாப் பாக்கெட்டயும் தடவுனாரு, கெடைக்கல, டையால தொடச்சுக்கிட்டாரு.

இப்பவா? மார்லோல தீவனக் கடைல மூட்ட தூக்குறாரு. ஸ்கூல் வேலைக்கான லைசென்சு போச்சுல்ல. எங்க பசங்க அங்க போனா அவரு முன்னால நின்னு தலையச் சொறிஞ்சு காட்டும். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு மூட்டையத் தூக்குவாராம்.

அந்தப் பொண்ணு அதுக்கப்பறம் வரல. வீட்லயே படிக்கிதுன்னு ஒரு தாளுல அம்மாக்காரிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டேன். அது போனதும் கிளாஸ் சராசரி ஏறிடுச்சு, போயி பாருங்க, கிராஃபுல தெரியும். மாநிலத்துலேருந்து வந்தவங்களும் இது ஒரு ஆளோட தப்பு, ஊரோட தப்பு இல்லன்னு எழுதிட்டு, ஒரு வருஷம் தவண குடுத்துட்டுப் போனாங்க. அந்தத் தவணதான் இந்த ஏப்ரல்.

என்ன கேட்டீங்க? அந்தப் புள்ள எழுதின தாளா? நல்ல காதுதான் உங்களுக்கு. கூட்டம் முடிஞ்சு போறப்ப அவரும் எங்கிட்ட அது ஒண்ணத்தான் கேட்டாரு. டெல்ஃபா, டெஸ்ஸா தாள மட்டும் அனுப்பிடுன்னாரு. என்னத் திட்டல. பிரிச்சுப் பாத்தேன். வாசிக்கிற பகுதி முழுசா எழுதியிருந்துச்சு சார், எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு ரெண்டுதான் தப்பு. பாஸ்தான். கிழிச்சு பாய்லர்ல போட்டுட்டேன். பின்ன? வர வேணாம்னு சொன்ன ஆளே எதுக்கு ஈரத்தத் தொடச்சு ஒக்கார வச்சு எழுத விட்டான்னு ஒருத்தனாவது யோசிக்க மாட்டானா?

இல்ல சார். அவரு சொல்லல. யாரும் சொல்லல. ஒம்போது வருஷமா நான்தான் பட்டியல் போடுறேன், நான்தான் போன் பண்றேன். அவருக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் தெரியும், கேக்க மாட்டாங்க. மார்க்கு வந்தா கேக் வெட்டுவாங்க. இவருதான் அன்னிக்கு மத்தியானம் இந்த ரூமுக்குள்ள என்னக் கூப்ட்டுப் பட்டியலக் காட்டுன்னாரு. பதினோரு பேரயும் ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிச்சாரு. காலைல லிங்கனுக்கு நானே சொல்லிடறேன், மொத்தப் பொறுப்பும் ஸ்கூலோடது, நீ வீட்டுக்குப் போ டெல்ஃபா, பயப்படாதன்னாரு. பயப்படாதவா? நான் வீட்டுக்குப் போகல, நேரா கிடங்குக்குத்தான் போனேன். டுவேன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. காலைல எட்டு மணிக்கே லிங்கனுக்குப் போன் போட்டுட்டாரு. லோமாக்ஸ் ஒம்போதரைக்குப் பேசுறப்ப, அவங்க ஏற்கெனவே அவரு பேர எழுதி வச்சிருந்தாங்க.

ஒக்காருங்க சார். காப்பி கொட்டுது பாருங்க.

உங்களுக்கு எதுக்குச் சொல்றேன்னா, நாளன்னிக்குத் தேர்வு. இந்த வருஷம் சும்மா போன் பத்தாது, வராத புள்ளைங்களுக்கு டாக்டர் சீட்டு வேணுமாம். பரவால்ல, டாக்டர் டுவேனோட மச்சினன்தான். ஒம்போது சீட்டு, எல்லாம் காய்ச்சல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. எட்டு வீட்டுக்குப் பேசியாச்சு.

ஒம்போதாவது உங்க வீடு சார். உங்க பொண்ணோட பழைய ஸ்கூல்லேருந்து போன வாரம் மார்க்கு வந்துச்சு, நான்தான் பிரிச்சேன். நாலாவது படிக்கிற புள்ள, பாவம், ரெண்டாங்கிளாஸ் பாடமே தடுமாறுது. வீட்டுக்காரம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, இல்ல நான் போன் பண்ணட்டுமா?